ஒற்றைக் கண் குட்டியும் கலங்களின் செய்தியும்



ஐக்கிய அமெரிக்காவின் ஐடாகோ மாநிலத்து மலைச்சாரல்களில் மந்தை மேய்த்தோரை 1950களில் ஒரு கேடு வருத்தியது. செம்மறிகள் சில ஈன்ற குட்டிகளுக்கு முகத்தின் நடுவே ஒரேயொரு கண் மாத்திரம் இருந்தது. ஆராய்ந்த அறிஞர், மந்தைகள் மேய்ந்த காட்டுச் செடியொன்றே காரணமெனக் கண்டனர். சினையுற்ற 14ஆம் நாளளவில் தாய் அதனைத் தின்றபோதே குட்டிக்கு இக்கோலம் நேர்ந்தது. அச்செடியின் நஞ்சுக்குச் சைக்கிளோபமீன் என்று பெயரிட்டனர். எனினும் அது தொழிற்படும் விதம் நெடுங்காலம் விளங்கவில்லை.

விளக்கம் பழ ஈயிலிருந்து வந்தது. ஜேர்மனியின் ஐடல்பேர்க் நகரில் ஆராய்ந்த கிறிஸ்டியானே நியூஸ்லைன்-வோல்ஹார்ட், எரிக் வீஷவுஸ் ஆகிய இருவரும், பரம்பரையலகு ஒன்று பழுதுற்றால் ஈயின் குடம்பி முட்கள் செறிந்து தோன்றுவதை 1980இல் வெளியிட்டனர். அதனால் அவ்வலகு முள்ளெலியின் பெயரைப் பெற்றது. 1995இல் அவர்கள் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அதே இனத்து அலகு முள்ளந்தண்டுள்ள விலங்குகளிலும் உண்டென்பது 1993இல் தெளிவாயிற்று.

இவ்வலகு ஆக்கும் புரதம் ஒரு தூதனை ஒத்தது. செய்தியை ஏற்கும் கலத்திலே காவற் புரதம் ஒன்றும் ஏவற் புரதம் ஒன்றும் உள்ளன. தூதன் வராதவரை காவலன் ஏவலனை அடக்கி வைத்திருப்பான். தூதன் வந்து காவலனைப் பற்றியதும் ஏவலன் விடுபடுவான். கலக்கருவிலுள்ள உரிய பரம்பரையலகுகள் இயங்கத் தொடங்கும்.

முளையத்தில் கண்ணாக வேண்டிய பகுதி முதலில் ஒன்றேயாகும். அதன் அடியிலுள்ள இழையத்திலிருந்து இச்செய்தி எட்டுவதாலேயே அது இரண்டாகப் பிரிகின்றது. சைக்கிளோபமீனோ ஏவலனைப் பற்றிக்கொண்டு, செய்தி வந்தும் பயனின்றி ஆக்கிவிடுகின்றது. 1996இல், இவ்வலகு நீக்கப்பட்ட சுண்டெலி முளையங்களிலும் இதே ஒற்றைக் கண் காணப்பட்டது.

செய்தி கிடையாமை ஒரு கேடு. ஓயாத செய்தி மற்றொரு கேடு. வளர்ந்த மனிதரின் தோலிலே காவலன் பழுதுற்று ஏவலன் கட்டற்று இயங்கினால் ஒருவகைப் புற்றுநோய் தோன்றும். அந்த ஏவலனை அடக்கும் விஸ்மோடெகிப் என்னும் மருந்து 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கருவுற்ற பெண்கள் அதனை உட்கொள்ளலாகாது என்னும் கண்டிப்பான எச்சரிக்கையும் அதனோடு வந்தது. அதன் காரணத்தை நேயர்களே இப்போது உணர்வீர்கள்: புற்றை அடக்கும் அதே கை, கருவிலுள்ள சிசுவின் முகத்தையும் சிதைக்கவல்லது.