விளிம்பிற் படியும் பொய்ந்நிறம்
(உரை)



காயல்பட்டினக் கடற்கரையில், நண்பகல் வெண்முகில் பின்னிற்க, ஒரு தென்னையை எண்மப் படக்கருவியால் எடுத்து, அப்படத்தைக் கணித்திரையிற் பெருக்கிப் பார்ப்பவர் முதலில் மருளுவர். கீற்றின் ஓரமெங்கும் மெல்லிய ஊதாக் கோடு ஓடும். தென்னையில் ஊதா உண்டோ? வானில் உண்டோ? இரண்டிலும் இல்லை. அது வில்லை செய்த பொய்.

இக்குற்றத்தை நிறப்பிறழ்ச்சி என்று தமிழ்ப் பாடநூல்கள் வழங்குகின்றன. படத்தின் விளிம்பில் அது விடும் கறையை நிறக்கசிவு எனலாம். 'குரோமேட்டிக் அபரேசன்' என்று நா வருந்தச் சொல்வதற்குக் கரணியம் ஏதுமில்லை. தொழுகை, நோன்பு, பள்ளிவாசல், பெருநாள் எனத் தம் சமய வாழ்வின் தலையாய சொற்களையே தமிழாற் சொல்லிவரும் முசுலிம் பெருமக்கள் வாழும் ஊர் காயல்பட்டினம். அங்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

வெள்ளொளி பன்னிறக் கூட்டு என்பதை நியூட்டன் 1666ஆம் ஆண்டளவில் முப்பட்டகம் கொண்டு ஆய்ந்து கண்டார். கண்ணாடி ஊதாவை மிகுதியாக வளைக்கும். சிவப்பைக் குறைவாக வளைக்கும். ஆகவே ஒற்றை வில்லையில் எல்லா நிறங்களும் ஓரிடத்திற் குவியா. இக்குற்றம் தீர்க்கவொண்ணாதது என்று எண்ணிய அப்பேரறிஞர், வில்லையைக் கைவிட்டு 1668இல் குழியாடியால் தொலைநோக்கி செய்தார். ஆனால் அவர் எண்ணம் பிழையாயிற்று. ஈயங் கலந்த கண்ணாடியையும் கலவாத கண்ணாடியையும் இணைத்தால் ஒன்றின் குற்றத்தை மற்றொன்று பெரிதும் அடக்கும். அத்தகைய இணைவில்லைக்குச் சான் டாலண்டு என்பார் 1758இல் இங்கிலாந்திற் காப்புரிமை பெற்றார். (அவருக்கு முன்னரே செசுட்டர் மூர் ஆல் என்பார் அதனைச் செய்திருந்தார், பெயரோ மற்றவர்க்குப் போயிற்று.) இன்றைய வில்லைகளும் அவ்வழி வந்தவையே. எனினும் குற்றம் முற்றும் ஒழிந்திலது.

நிறக்கசிவு இருவகைத்து. வகை அறியாது திருத்தப் புகுவது நோய் அறியாது மருந்து கொடுப்பதை ஒக்கும்.

ஒன்று பக்கவாட்டுக் கசிவு. நிறத்துக்கு நிறம் உருவின் பெருக்கம் சற்றே வேறுபடுவதால் வருவது. படத்தின் நடுவில் இராது. மூலை நோக்கிச் செல்லச் செல்ல மிகும். பொருளின் ஒருபுறம் சிவப்பும் மறுபுறம் நீலப்பச்சையும் நிற்பது இதன் அடையாளம். வில்லையின் துளையைச் சுருக்கினாலும் இது போகாது. மற்றொன்று நெடுக்குக் கசிவு. நிறத்துக்கு நிறம் குவியும் தொலைவு வேறுபடுவதால் வருவது. இது படத்தின் நடுவிலும் தோன்றும். குவிந்த இடத்துக்கு முன்னுள்ள பொருள்களின் ஓரம் ஊதா கலந்த சிவப்பாகவும், பின்னுள்ளவற்றின் ஓரம் பச்சையாகவும் இருக்கும். துளையைச் சுருக்கினால் இது குறையும். தென்னங்கீற்றின் ஊதாவிற் பெரும்பங்கு இவ்வகையினது. ஒளி மிகுந்து வெளுத்துப்போன வானம் அதனை இன்னும் பெருக்கிக் காட்டும்.

கீற்றில் ஊதா படிந்தால் என்ன கேடு என்று கேட்பார் உளர். கீற்றுக்குக் கேடில்லை, எழுத்துக்கு உண்டு. காயல்பட்டினமும் கீழக்கரையும் அரபுத்தமிழ் வளர்ந்த ஊர்கள். தமிழுக்கே உரிய ஒலிகளைக் குறிக்க அரபெழுத்தின்மேல் புள்ளியும் குறியும் கூட்டி எழுதிய முறை அது. அங்கே ஒரு புள்ளி மாறினால் எழுத்தே மாறும். அத்தகைய பழஞ்சுவடியைப் படமெடுக்கும்போது ஏட்டின் மூலையில் உள்ள கரும்புள்ளி சிவப்பும் நீலப்பச்சையுமாகப் பிரிந்து இரண்டுபோல் தோன்றுமாயின், படிப்பவர் எதை நம்புவது?

'கறுப்பு வெள்ளையாக மாற்றிவிட்டால் நிறம் ஒழியுமே' என்பது பலர் செய்யும் பிழை. நிறம் ஒழியும், கசிவு ஒழியாது. ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாத மூன்று நிறப்படங்கள் சேர்ந்து சாம்பல் நிழலாகி எழுத்தைத் தடிக்கச் செய்யும். அதற்கு மாறாகப் பச்சை நிறப்படத்தை மட்டும் தனியே பிரித்தெடுத்துக் கறுப்பு வெள்ளையாகக் கொண்டால், பக்கவாட்டுக் கசிவின் தடிப்பு பெரிதும் நீங்கி எழுத்து தெளியும்.

நிறப்படமே வேண்டுமெனில், பக்கவாட்டுக் கசிவைத் திருத்துவது எளிது. சிவப்பு, நீலப் படங்களை இம்மியளவு பெருக்கியோ சுருக்கியோ பச்சைப் படத்தோடு பொருத்தினாற் போதும். விலையின்றிக் கிடைக்கும் டார்க்டேபிள் போன்ற மென்பொருள்கள் இதனைச் செய்யும். நெடுக்குக் கசிவுக்கு இவ்வழி பயன்படாது. எடுக்கும்போதே துளையை இரண்டு படி சுருக்க வேண்டும். ஒளியை அளவிற் குறைக்க வேண்டும். அதன்பின்னும் எஞ்சியதை, ஓரத்து ஊதாவையும் பச்சையையும் வெளிறச் செய்து மறைக்கலாம்.

இங்கேதான் விழிப்பு வேண்டும். படம் முழுவதும் ஊதாவை வெளிறச் செய்பவர், கசிவோடு கத்தரிப்பூவின் உண்மை நிறத்தையும், சேலைக்கரையின் சாயத்தையும், சுவடியில் ஊதா மையால் எழுதிய ஓரக்குறிப்பையும் அழித்துவிடுவர். தமிழ்த் தூய்மையிலும் இவ்வகைப் பிழை உண்டு. உலகம் என்பதை வடசொல்லென்று விலக்குவாரும் உளர்; 1902இல் சங்கரன்கோவிலிற் பிறந்த பாவாணரோ அதனைத் தமிழ்ச்சொல்லென்றே காட்டினார். நீக்குவதற்கு முன் வேர் பார்த்தல் வேண்டும் என்பது அவர் வழி.

படத்திலும் அவ்வாறே. ஐயுறும் நிறம் ஒளிமிகுந்த எல்லா ஓரங்களிலும் வருகின்றதா, ஒரு பொருளில் மட்டும் வருகின்றதா என்று பார்க்க. நடுவில் ஒருமுறையும் மூலையில் ஒருமுறையும் அதே ஏட்டை எடுத்து ஒப்பிடுக. இடம் மாறினும் மாறாதது ஏட்டின் நிறம். இடத்தோடு மாறுவது வில்லையின் நிறம். திருத்தும் தூரிகையை விளிம்பில் மட்டும் செலுத்துக. கருவி பதிந்தவாறே தரும் முதற்கோப்பை ஒருபோதும் அழியாமல் தனியே காத்து, திருத்திய படியின் அருகே இன்ன திருத்தம் செய்யப்பட்டது என்று தமிழில் எழுதி வைக்க.