பிறந்த அன்று எடுத்த எடை



எனக்கு முன்னால் பேசிய மருத்துவர் சர்க்கரை நோய் பற்றியும் இரத்த அழுத்தம் பற்றியும் விளக்கமாகச் சொன்னார். உப்பைக் குறையுங்கள், நடங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்றார். அத்தனையும் கைக்கொள்ள வேண்டிய பேச்சு. நான் வாத்தியாராக இருந்தவன். பிள்ளைக்கு என்ன நோய் என்று மருத்துவர் சொல்லுவார். அந்தப் பிள்ளை எந்தத் தெருவிலிருந்து வருகிறது, காலையில் வீட்டில் அடுப்பு எரிந்ததா, தாய் விடியுமுன்னே எந்த வேலைக்குப் போனாள் என்பது வாத்தியாருக்குத் தெரியும். அந்தப் பக்கத்திலிருந்துதான் நான் பேசப் போகிறேன்.

முதலில் உங்களை மைசூருக்கு அழைத்துப் போகிறேன். அங்கே ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை என்று ஒரு மிஷன் ஆஸ்பத்திரி இருக்கிறது. 1934ஆம் ஆண்டிலிருந்து அங்கே பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச் சுற்றளவு எல்லாவற்றையும் ஏட்டில் எழுதி வைத்தார்கள். தாயின் எடையையும் எழுதினார்கள். வெள்ளைக்காரன் காலத்துப் பேரேடு. எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் அப்படிப்பட்ட ஏடுகள் கரையானுக்குப் போயிருக்கும். இங்கே பத்திரமாக இருந்தன.

இங்கிலாந்தில் டேவிட் பார்க்கர் என்றொரு மருத்துவ ஆராய்ச்சியாளர். அவர் தம் நாட்டில் ஒன்றைக் கவனித்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எந்தெந்த ஊர்களில் பச்சைக் குழந்தைகள் அதிகம் செத்தனவோ, அதே ஊர்களில்தான் பிற்காலத்தில் மாரடைப்புச் சாவும் அதிகமாக இருந்தது. குழந்தைச் சாவு வறுமையின் அடையாளம். மாரடைப்போ பணக்காரர்களின் நோய் என்று அப்போது பலரும் நினைத்திருந்தார்கள். இரண்டும் ஒரே ஊரில் எப்படி? இந்தக் கேள்வியோடு அவருடைய குழுவினர் மைசூருக்கு வந்தார்கள். ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள பகுதிகளில் வீடு வீடாகப் போய், 1934க்கும் 1954க்கும் இடையில் அங்கே பிறந்தவர்களைத் தேடினார்கள். 517 பேர் கிடைத்தார்கள். எல்லோரும் நாற்பதை ஒட்டியோ தாண்டியோ இருந்தவர்கள். அவர்களுடைய இதயத்தைச் சோதித்து, பழைய ஏட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

1996இல் முடிவு வெளிவந்தது. பிறந்தபோது 2.5 கிலோவோ அதற்குக் குறைவோ இருந்தவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு இதய நோய். 3.1 கிலோவுக்கு மேல் பிறந்தவர்களில் நூற்றுக்கு 3 பேருக்குத்தான். இன்னும் கேளுங்கள். இரண்டரைக் கிலோவுக்கு மேற்படாமல் பிறந்து, தாயும் கர்ப்ப காலத்தில் 45 கிலோவுக்குக் குறைவாக இருந்திருந்தால், நூற்றுக்கு 20 பேருக்கு இதய நோய்.

இந்தக் கணக்கைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. ஐம்பது வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருகிற ஒரு மனிதனின் நோய்க்கு, அவன் தாய் வயிற்றில் இருந்தபோதே ஒரு வேர் இறங்கியிருக்கிறது. அவன் பிறகு பீடி குடித்தான், உப்பைக் குறைக்கவில்லை, அதெல்லாமும் சேர்ந்ததுதான். பிறந்த எடை தலையெழுத்து என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தாய் ஏன் 45 கிலோவுக்குக் கீழே இருந்தாள்? அதற்கு எந்த மருத்துவப் புத்தகத்தில் பதில் இருக்கிறது? எந்த வயதில் அவளுக்குத் தாலி கட்டினார்கள், எத்தனையாவது பிள்ளை அது, வயலில் எத்தனை மாதம்வரை குனிந்து வேலை செய்தாள், வீட்டில் யார் முதலில் சாப்பிட்டார்கள், யார் கடைசியில் சட்டியை வழித்தார்கள் என்பவைதான் பதில். நம் வீடுகளில் கடைசியில் சாப்பிடுவது யார் என்று இங்கே இருக்கிற தாய்மார்களிடம் நான் கேட்க வேண்டியதில்லை.

இது பழங்கதையா? 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 15 வயதிலிருந்து 49 வயதுவரை உள்ள பெண்களில் பாதிக்கு மேல், நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. இதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் நூற்றுக்கு 99க்கு மேல் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. நாம் கர்ப்பிணியை ஆஸ்பத்திரிக் கட்டில்வரைக்கும் கொண்டுவந்து சேர்த்துவிட்டோம். அவளுடைய சோற்றுத் தட்டில் கீரையும் முட்டையும் கொண்டுவந்து சேர்க்கவில்லை. முதலாவதை அரசாங்கம் செய்தது. இரண்டாவதை அரசாங்கம் மட்டும் செய்ய முடியாது. மாமியாரும் கணவனும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை அது.

செய்ததை மறைக்கக் கூடாது. 2018-20 கணக்கின்படி இந்தியாவில் ஒரு லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறக்கும்போது 97 தாய்மார்கள் இறந்தார்கள். தமிழ்நாட்டில் அது 54. இந்த வேறுபாடு பெரிய ஆஸ்பத்திரிக் கட்டடங்களால் மட்டும் வந்ததல்ல. துணை சுகாதார நிலையத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு கர்ப்பிணியின் பெயரையும் பதிவேட்டில் ஏற்றி, தடுப்பூசி நாளுக்கு வராத வீட்டுக்குத் தேடிப் போகிற நர்சம்மா இருக்கிறாரே, கிராம சுகாதார செவிலியர், அவருக்கு இதில் பெரும்பங்கு உண்டு. இந்த அக்கறை நமக்குப் புதிதும் அல்ல. 1939இல் சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரத்துக்கென்று தனிச் சட்டமே போட்டார்கள். இன்றும் அது நடைமுறையில் இருக்கிறது. அதைப் புரட்டிப் பாருங்கள். குடிநீர், சாக்கடை, கழிப்பிடம், கொசு, விடுதிகள், திருவிழாக் கூட்டம் என்று போகும். உடல்நலம் தெருவில் தொடங்குகிறது என்று 1939லேயே நம்மவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பிள்ளைகள் மயங்கி விழுவதைப் பார்த்திராத பழைய வாத்தியார் இந்த மாவட்டத்தில் இருக்க மாட்டார். வெள்ளிக்கிழமை மதியம் பள்ளியில் சாப்பிட்டதற்குப் பிறகு இரண்டு நாளும் அரைகுறையாகச் சாப்பிட்ட பிள்ளை அது. சோறு போட்டால் பிள்ளை படிக்கும் என்று 1920லேயே நீதிக்கட்சிக்காரர்கள் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கினார்கள். காமராசர் அதை ஊர்தோறும் கொண்டுபோனார். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரிவாக்கினார். பிறகு முட்டை வந்தது. 2022 செப்டம்பரில் காலை உணவும் வந்தது. கட்சி எதுவானாலும் இந்த ஒன்றில் நம் அரசியல் பிறழவில்லை என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

ஆனால் அந்தச் சோற்றையும் சாதி விடவில்லையே! சமைப்பவர் இன்ன சாதி என்பதற்காகப் பிள்ளைகளைச் சாப்பிட விடாமல் தடுத்து, அந்த அம்மாவை மாற்றச் சொல்லி 2018இல் அவிநாசிப் பக்கத்தில் தகராறு செய்தார்கள். பிள்ளையின் இரத்தத்தில் ஏற வேண்டிய சத்தைத் தடுத்தது கிருமி இல்லை ஐயா, பெரியவர்கள்.

புதுக்கோட்டை வேங்கைவயலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2022 டிசம்பரில் பட்டியலின மக்கள் வாழும் தெருவில் பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாக நோயில் விழுந்தார்கள். மருத்துவர்கள் தண்ணீரைப் பாருங்கள் என்றார்கள். மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தால், உள்ளே மனித மலம். மருத்துவம் அங்கே தன் கடமையைச் சரியாகச் செய்தது. வயிற்றுப்போக்குக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிடாமல், தண்ணீர்வரைக்கும் போகச் சொன்னது. அந்தத் தொட்டிக்குள் எது போனது என்பதை மருத்துவம் கண்டுபிடித்துவிட்டது. எந்த மனத்திலிருந்து போனது என்பதை நாம்தான் கண்டுபிடித்துக் களைய வேண்டும். அதற்கு ஊசி கிடையாது.

வேலை செய்கிற வயதுக்கு வந்தால் பேச நிறைய இருக்கிறது, நேரம்தான் இல்லை. ஒன்றை மட்டும் சொல்லுகிறேன். நம் ஊர்ப் பெண்பிள்ளைகள் ஜவுளிக் கடைகளில் காலையிலிருந்து இரவுவரை நின்றுகொண்டே வேலை பார்த்தார்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு, பாதம் வீங்கி, இடுப்பு வலியோடு விடுதிக்குப் போனார்கள். கழிப்பறைக்கு அடிக்கடி போகக் கூடாதே என்று தண்ணீர் குடிக்காமல் இருந்து, நீர்க்கடுப்பு வாங்கிக்கொண்டார்கள். 2018இல் கேரளத்திலும், 2021இல் தமிழ்நாட்டிலும் கடைகள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்பவருக்கு இருக்கை போட்டாக வேண்டும் என்று விதித்தார்கள். ஒரு முக்காலி! எத்தனை ஆயிரம் ரூபாய் மாத்திரைச் செலவை அந்த முக்காலி மிச்சப்படுத்தும் என்று யோசியுங்கள். அடுத்த முறை துணி எடுக்கப் போகும்போது, அந்தப் பிள்ளைக்கு உட்கார இடம் இருக்கிறதா என்று முதலாளி காதில் விழும்படி கேளுங்கள். சட்டம் அப்போதுதான் கடைக்குள் நுழையும்.

இனி முதியவர்கள். இங்கே முன்னால் உட்கார்ந்திருக்கிற பலரும் என் வயதுக்காரர்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் கடும் வெயில் அடித்தது. ஒரு வாரத்துக்குள் எழுநூறுக்கு மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். பெரும்பாலும் முதியவர்கள், தனியாக இருந்தவர்கள். பூட்டிய கதவுக்குள், சன்னலைக்கூடத் திறக்காமல் இறந்து கிடந்தார்கள். எரிக் கிளினென்பெர்க் என்ற சமூகவியலாளர் அந்தச் சாவுகளை ஆராய்ந்து ஒரு புத்தகம் எழுதினார். பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டு பகுதிகளை அவர் எடுத்துக்கொண்டார். வடக்கு லான்டேல், தெற்கு லான்டேல். இரண்டிலும் ஏழைகள், இரண்டிலும் தனித்து வாழும் முதியவர்கள், அடித்த வெயிலும் ஒன்றுதான். ஆனால் வடக்கில் சாவு விகிதம் தெற்கைப் போலப் பத்து மடங்கு.

ஏன் அப்படி? வடக்கில் ஆலைகள் மூடிப் போய், கடைகள் மூடிப் போய், வீடுகள் பாழாகி, இருந்தவர்கள் வெளியே வரவே பயந்தார்கள். தெற்கில் தெரு கலகலவென்று இருந்தது. கடைகள் திறந்திருந்தன, நடைபாதையில் ஆள் நடமாட்டம் இருந்தது. கிழவர்கள் தயங்காமல் வெளியே வந்தார்கள், குளிர்ந்த கடைக்குள் போய் நின்றார்கள், நாலு பேர் கண்ணில் பட்டார்கள். உயிரோடு இருந்தார்கள். மளிகைக் கடை அங்கே மருந்துக் கடையின் வேலையையும் சேர்த்துச் செய்திருக்கிறது.

நம் ஊர்களை நினைத்துப் பாருங்கள். 2021இல் தமிழ்நாட்டு மக்களில் நூற்றுக்கு 13 பேருக்கு மேல் அறுபது கடந்தவர்களாக இருப்பார்கள் என்று மதிப்பிட்டார்கள். கேரளத்துக்கு அடுத்து நாம்தான். மகன் திருப்பூரில், மகள் சென்னையில், இன்னொருவன் சிங்கப்பூரில். அம்மா மட்டும் பூர்வீக வீட்டில். வீட்டைப் புதுப்பித்தபோது திண்ணையை இடித்துவிட்டு இரும்புக் கதவு போட்டார்கள். நாலு பேர் கண்ணில் படுகிற இடம் போய்விட்டது. வெப்ப அலையை 2024இல் தமிழ்நாடு அரசு மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. வருகிற சித்திரைகளில் நம் ஊரில் எந்த வீட்டுக் கதவு இரண்டு நாளாகத் திறக்கவில்லை என்று யாருக்குத் தெரியும்? மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021இலிருந்து பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறார்கள். அந்தப் பெண் வாசலில் நின்று "பாட்டி, சாப்பிட்டீங்களா?" என்று கேட்கிறாரே, அந்தக் கேள்வியும் மருத்துவம்தான் என்று நான் நம்புகிறேன். ஆனால் ஒரு தன்னார்வலரின் தலையில் ஊர் முழுவதையும் கட்டிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளக் கூடாது.

என் கோரிக்கைகளைச் சொல்லி உட்காருகிறேன். இங்கே சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்திருக்கிறவர்கள் பலர். அக்டோபர் 2 கிராம சபை. ஊரக வேலைத் திட்டக் கணக்குக்காக மட்டும் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள். குடிநீர்த் தொட்டியைக் கடைசியாக எந்தத் தேதியில் கழுவினார்கள் என்று கேளுங்கள். தனித்து வாழும் முதியவர்களின் பட்டியல் ஊராட்சியில் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் எடுக்கத் தீர்மானம் போடுங்கள். நகரத்தில் இருப்பவர்கள் பகுதி சபைக்குப் போய், பேருந்து நிலையத்துப் பெண்கள் கழிப்பறை ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று கேளுங்கள். மாணவர்களே, உங்கள் தெருவில் தனியாக இருக்கிற ஒரு பாட்டியையாவது தாத்தாவையாவது கோடை முழுவதும் தினமும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால், இன்று இரவே முதல் தட்டை அவளுக்குப் போடுங்கள்.