வெளிக்கிட்டாச்சோ?

(நூற்றாண்டு விழாவின் இரண்டாம் நாள் காலை அமர்வில், பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



"வெளிநாட்டுக்குப் போகும்போது எப்படி உடுத்த வேண்டும் என்று பத்து நிமிடம் பேசுங்கள், பிரயோசனமாக இருக்கும்" என்று செயலாளர் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் பாதிப்பேர் போன கிழமைதான் விமானத்தில் வந்து இறங்கியவர்கள். அவர்களுக்கு நான் என்ன சொல்லிக் கொடுப்பது? பிறகு யோசித்துப் பார்த்தேன். இதைப் பற்றி நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லாமல் வைத்திருக்கும் கதைகள் நிறைய உண்டு. அதில் என்னுடையது ஒன்றைச் சொல்லலாம் என்று ஒப்புக்கொண்டேன்.

எங்கள் ஊர்ப் பேச்சில் "வெளிக்கிடுதல்" என்று ஒரு சொல் இருக்கிறது. புறப்படுவதற்கும் அதுதான், உடுத்திச் சீவி ஆயத்தமாவதற்கும் அதுதான். "வெளிக்கிட்டாச்சோ?" என்று அம்மா அறை வாசலில் நின்று கேட்டால், சேலை கட்டியாயிற்றா என்று கேட்கிறாவா, படியிறங்கலாமா என்று கேட்கிறாவா என்று பிரித்துச் சொல்ல முடியாது. உடுப்பையும் பயணத்தையும் ஒரே சொல்லில் வைத்திருப்பவர்கள் நாங்கள். அதோடு இந்தப் பள்ளிக்கூடம் வேறு. திங்கட்கிழமைப் பிரார்த்தனை முடிந்ததும் வரிசையில் நிற்க வேண்டும். நகம், றிபன், இரட்டைப் பின்னல், முழங்காலுக்குக் கீழே எத்தனை அங்குலம் சட்டை, சப்பாத்தின் வெள்ளை எல்லாம் பார்ப்பார்கள். முன்வரிசையில் இருக்கும் ரீச்சர்மார் இப்போதும் என் சேலை மடிப்பைத்தான் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்!

1986இல் எனக்கு இருபது வயது. கணக்கியல் படிக்க இடம் கிடைத்து, மாணவி விசாவும் கிடைத்தது. படிக்கப் போகிற பிள்ளைதான்; ஆனால் அம்மாவின் கண்ணுக்கு வீட்டை விட்டுப் போகிற பெண்பிள்ளை. சிரட்டைக்கரி போட்ட ஸ்திரிக்கைப் பெட்டியால் தன்னுடைய கூறைக்கு அடுத்த நல்ல காஞ்சிபுரத்தை மினுக்கி எடுத்தா. இரவுப் பஸ்ஸில் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் மாமி வீட்டில் குளித்து, அந்தச் சேலையைக் கட்டினேன். கழுத்தில் இரண்டு சங்கிலி, கையில் ஆறு காப்பு, தலையில் மாமி வைத்துவிட்ட மல்லிகைச் சரம், காலில் செருப்பு. போய் இறங்கியது மார்கழிக் குளிரில்.

எந்த விமான நிலையம் என்று சொல்லப் போவதில்லை. அந்த அதிகாரி கடவுச்சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மறுபடி விசாவைப் பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "யாருக்குக் கலியாணம்?" நான் பகிடி என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அது பிழையாகப் போய்விட்டது. கடதாசி மாணவி என்கிறது, உடுப்பு மணப்பெண் என்கிறது. அவர் உடுப்பைத்தான் நம்பினார். படிப்பென்று சொல்லிக்கொண்டு கலியாணம் முடிக்க வருகிறவள் என்று முடிவு கட்டி, இரண்டு மணித்தியாலம் ஒரு வாங்கில் இருத்தி வைத்தார்கள். சூட்கேஸைத் திறந்து, அக்கா எழுதித் தந்த கடிதத்தை ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டு வாசிப்பித்தார்கள். அம்மா எழுதித் தந்த கறித்தூள் கணக்கைக் கூட விடவில்லை. கொத்தமல்லி எவ்வளவு, செத்தல் மிளகாய் எவ்வளவு என்று அந்த மொழிபெயர்ப்பாளர் முகத்தை மாற்றாமல் சொன்னார். கடைசியில் கல்லூரிக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டுவிட்டு விட்டார்கள். வெளியே வந்ததும் நான் செய்த முதல் வேலை, மல்லிகைச் சரத்தைக் கழற்றிக் குப்பைக் கூடைக்குள் போட்டது. அம்மாவிடம் அதை நான் ஒருநாளும் சொன்னதில்லை. "எல்லாரும் சேலையைப் பார்த்தவையோ?" என்று அவ கடிதத்தில் கேட்டிருந்தா. "ஓம், எல்லாரும் பார்த்தவை" என்று எழுதினேன். பொய் இல்லைத்தானே.

என் இரண்டு மணித்தியாலத்தைப் பெரிய துன்பமாகச் சொல்ல வரவில்லை. எனக்கு முன் வந்தவர்களுக்கு நடந்ததைப் பிறகுதான் அறிந்தேன். 1979 சனவரியில், திருமணம் செய்வதற்காக இந்தியாவிலிருந்து ஹீத்ரோவில் வந்திறங்கிய ஓர் ஆசிரியையை, முப்பத்தைந்து வயதுப் பெண்ணை, ஏற்கெனவே மணமானவரோ என்று சந்தேகித்து வைத்தியர் ஒருவரைக் கொண்டு உடற்பரிசோதனை செய்தார்கள். கார்டியன் பத்திரிகை அதை வெளியிட்ட பிறகுதான் அந்த வழக்கத்தை நிறுத்தினார்கள். பெண் ஒருத்தியின் தோற்றத்தை வைத்து அவள் யார் என்று முடிவு செய்கிற பழக்கம் எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிட வேறென்ன சொல்ல?

அதன்பின் எங்கள் ஆட்களுடைய காலம். 1985 மே மாதத்தில் பிரித்தானியா இலங்கையருக்கு விசா கட்டாயம் என்றது. பொதுநலவாய நாடொன்றின் மக்களுக்கு அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. 1987 பெப்ரவரியில் தஞ்சம் கேட்டு ஹீத்ரோவுக்கு வந்த ஐம்பதுக்கு மேற்பட்ட தமிழரைத் திருப்பி அனுப்ப விமானத்தடிக்குக் கொண்டுபோனபோது, அவர்கள் உடுப்புகளைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளாடையோடு அந்தக் குளிரில் நின்றார்கள். படங்கள் பத்திரிகைகளில் வந்தன. இங்கே பலர் அப்போது "மானம் போச்சு" என்று சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. நானும் ஒரு கணம் அப்படித்தான் நினைத்தேன். நகமும் றிபனும் பார்த்து வளர்த்த பிள்ளை அல்லவா? பேசிப் பார்த்து, எழுதிப் பார்த்து, ஒன்றும் எடுபடாத இடத்தில் அவர்களிடம் மிஞ்சியிருந்தது உடம்பில் கிடந்த உடுப்புத்தான். நீதிமன்றம் தலையிட்டு அன்றைய பயணம் நின்றது.

அதே ஆண்டில் பிரித்தானியா இன்னொரு சட்டம் கொண்டுவந்தது. தகுந்த பத்திரம் இல்லாத பயணியை ஏற்றிவந்தால், ஆளுக்கு 1,000 பவுண் அந்த விமான நிறுவனம் கட்ட வேண்டும். இதன் விளைவை எங்கள் பெடியள்தான் அனுபவித்தார்கள். அதுவரை இறங்குமிடத்தில் அதிகாரி பார்த்த பார்வையை, இப்போது ஏறுமிடத்தில் விமானக் கம்பனியின் கவுண்டரில் நின்ற பிள்ளையும் பார்க்கத் தொடங்கியது. காசு தங்களுக்குப் போகும் என்ற பயம். ஆளைப் பார்த்தால் வசதியானவர் மாதிரி இருக்கிறாரா என்பதும் ஒரு சோதனையாயிற்று. ஏஜென்சிக்காரரும் அதற்கேற்ற பாடம் நடத்தினார்கள். கோட் போடு, ரை கட்டு, கையில் ஒரு பெட்டி வைத்திரு, ஆங்கிலப் பேப்பரைக் கக்கத்தில் வை, பொட்டை அழி, விபூதியைத் துடை.

நான் பிற்காலத்தில் சில வருடங்கள் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தேன். என் கறித்தூள் கணக்கை வாசித்த மனிதரின் கதிரையில் நானே இருந்தேன். இரகசியம் காக்க ஒப்பமிட்ட வேலை, ஆகவே பெயரும் இல்லை, ஊரும் இல்லை. பொதுவாக மட்டும் சொல்கிறேன். கோட்டின் கையில் கடைத் துண்டு தைத்தபடி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வெட்டி எறிய வேண்டியது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. வெறும் பெட்டியைப் பூட்டித் திறப்பைத் தொலைத்தவர் ஒருவர். இரண்டு அளவு பெரிய சப்பாத்துக்குள் பேப்பரை அடைத்துக்கொண்டு வந்தவர் இன்னொருவர். இரவல் உடுப்புக்குள் அவர்களால் கையை எங்கே வைப்பது என்று கூடத் தெரியாமல் இருக்கும். அதிகாரிகள் கோட்டைப் பார்ப்பதேயில்லை, அந்தக் கையைத்தான் பார்த்தார்கள். சொல்ல வந்த உண்மைக் கதையையும் அந்தப் பொய்க் கோட் கெடுத்துவிடும். "இது உன்னுடைய உடுப்பா?" என்ற கேள்வியை நான் தமிழில் திருப்பிக் கேட்ட போதெல்லாம் எனக்கு என் மல்லிகைச் சரம் நினைவுக்கு வரும்.

சரி, செயலாளர் மணியைப் பார்க்கிறா. அவ கேட்ட பிரயோசனமான விடயங்களுக்கு வருகிறேன்.

சில இடங்களில் உடுப்பு சட்டம். அங்கே விருப்பு வெறுப்புக்கு இடமில்லை. ஈரானில் விமானம் தரையிறங்க முன்னரே பெண்கள் தலையை மூடிக்கொள்வார்கள். அந்தச் சட்டம் வெளிநாட்டுப் பெண்ணுக்கும் உண்டு. சவூதி அரேபியா 2019இல் சுற்றுலா விசா கொடுக்கத் தொடங்கியபோது, வெளிநாட்டுப் பெண்கள் அபாயா போட வேண்டியதில்லை, அடக்கமாக உடுத்தினால் போதும் என்று அறிவித்தது. ஆனால் பழைய கதையை நம்பி இன்னும் அபாயா வாங்க ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். பார்படோஸில் இராணுவ உடைக் கோலம் போட்ட துணியைப் பொதுமக்கள் உடுத்துவது குற்றம். சின்னப் பிள்ளைக்கும் விலக்கில்லை. கப்பல் பயணம் போகும் அக்காமார், பேரனின் பச்சைப் புள்ளிக் காற்சட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

சேலையோடு பயணம் செய்யலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக. ஆனால் கொசுவத்துக்கு ஆறு ஊசி, தோளுக்கு மூன்று ஊசி, கொண்டைக்கு இருபது ஊசி என்றால் பாதுகாப்பு வாசல் கத்தத்தான் செய்யும். மடிப்புக்குள் என்ன இருக்கிறதென்று தடவிப் பார்ப்பார்கள். பெண் அதிகாரிதான் வேண்டும், தனியறையில்தான் வேண்டும் என்று கேட்கலாம். கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள், அவர்களுக்கு அது அன்றாட வேலை.

தாலிக்கொடி பற்றி ஒரு வார்த்தை. சென்னைக்குக் கலியாணச் சேலை எடுக்கப் போகாத குடும்பம் இங்கே இல்லை. அங்கே புதிதாக மணமான இலங்கைப் பெண் ஒருவரின் தாலிக்கொடியைச் சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்து, அது வழக்காகி, 2025இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டது. பயணப்பெட்டிக்கான விதியைக் கழுத்தில் கிடக்கும் தாலிக்குப் பொருத்த முடியாது என்பது வாதம். தீர்ப்பு நல்லதுதான். ஆனாலும் தீர்ப்பு வரும்வரை தாலி யாருடைய இரும்புப் பெட்டிக்குள் கிடந்தது என்று யோசியுங்கள். பழைய கொடியென்றால் பற்றுச்சீட்டு, போட்டிருக்கும் கலியாணப் படம் ஏதாவது கையில் வைத்திருங்கள்.

எங்கள் வாசலும் சும்மா இல்லை. 2014இல் கையில் புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்த பிரித்தானியப் பெண் ஒருவரைக் கட்டுநாயக்கவில் கைது செய்து நாடு கடத்தினார்கள். 2017இல் எங்கள் உயர் நீதிமன்றம் அது பிழை என்று தீர்த்து, நட்டஈடும் செலவுமாக 800,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. மற்ற நாட்டு அதிகாரிகளை நான் இவ்வளவு நேரம் குறை சொன்னதால் இதையும் சொல்லவேண்டும்.

என்னோடு இந்த முறை அக்காவின் பேத்தி வந்திருக்கிறாள். பதினாறு வயது. முழங்கால் இரண்டும் கிழிந்த காற்சட்டையோடு விமானத்தில் ஏறினாள். "இறங்க முதல் மாற்றடி" என்றேன். "ஏன் அம்மம்மா, சட்டமா?" என்று கேட்டாள். இல்லை. "மரியாதையா?" யாருக்கு என்று கேட்டால் என்னிடம் மறுமொழி இல்லை. "அப்ப பயமா?" என்றாள். நான் கண்ணை மூடி நித்திரை மாதிரி இருந்துவிட்டேன். நல்லூருக்குப் போன அன்று சொல்லாமலே நீளப் பாவாடை கட்டிக்கொண்டு வந்தாள். ஆண்கள் மேற்சட்டை கழற்றுவதைப் பார்த்து, "இங்கே ஆம்பிளையளுக்கும் சட்டமா?" என்று கேட்டுச் சந்தோஷப்பட்டாள்.

கட்டுநாயக்கவில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். அந்த அதிகாரி அவளுடைய முழங்காலைப் பார்க்கவேயில்லை. ஸ்திரிக்கை போட்ட சேலையோடு நின்ற என்னைத்தான் மறித்து, கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

நாளை இரவு திரும்புகிறவர்கள் கொண்டை ஊசிகளைப் பெட்டிக்குள் போடுங்கள். அம்மாவோ அக்காவோ தலையில் பூ வைத்துவிட்டால், தயவுசெய்து கழற்றாமல் போங்கள்.