இழவு வீட்டில் யார் உட்காருவது?

(சாதி ஒழிப்பு வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'சமுதாயத்துக்கு நிறுவன மதம் தேவையா?' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். இந்த அறையில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் 'தேவையில்லை' என்றுதான் கை தூக்குவீர்கள். நானும் தூக்குவேன். எல்லோரும் ஒரே பக்கம் நிற்கிற கூட்டத்தில் ஒரு மணி நேரம் மதத்தைத் திட்டிவிட்டு, டீ குடித்துவிட்டுக் கலைவது சுலபம். இன்று அதைச் செய்ய எனக்கு விருப்பமில்லை. என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லி, அங்கிருந்து பேசுகிறேன்.

என் அப்பா அரசுப் பேருந்தில் நடத்துனராக இருந்தவர். எங்கள் காலனியில் அம்பேத்கர் படத்தையும் பெரியார் படத்தையும் ஒரே சுவரில் முதலில் மாட்டியவர் அவர்தான். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு இறந்தார். 'எனக்கு எந்தச் சடங்கும் கூடாது, உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிடுங்கள்' என்று எழுதி வைத்திருந்தார். அப்படியே செய்தோம். தோழர்கள் திரண்டு வந்தார்கள். வீரவணக்க முழக்கம் எழுந்தது. மாலை மூன்று மணிக்கு வண்டி கிளம்பியது. இரண்டு வாரம் கழித்துப் படத்திறப்பு. ஒன்பது பேர் பேசினார்கள், பத்தாவதாக நான் பேசினேன். அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வருடம் அந்த மனிதரோடு வாழ்ந்தவரை 'நீங்கள் இரண்டு வார்த்தை பேசுங்கள்' என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மறுநாள் நான் சென்னைக்குப் பேருந்து ஏறிவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து ஊருக்குப் போனேன். அன்று புதன்கிழமை. சாயங்காலம் அம்மா தலை வாரி, புடவை மாற்றிக் கிளம்பினார். எங்கே என்று கேட்டேன். அடுத்த தெருவில் நடக்கும் ஜெபக் கூட்டத்துக்கு என்றார். எனக்குச் சுரீர் என்றது. "அப்பா இருந்திருந்தா இதப் பாத்துக்கிட்டு இருப்பாரா?" என்று கேட்டுவிட்டேன்.

அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "உங்கப்பா இருந்திருந்தா நான் ஏன்டி அங்க போறேன்?"

இந்தத் தலைப்பில் நான் எதிர்கொண்டதிலேயே கடினமான வாதம் இதுதான். எந்த மடாதிபதியும் எந்தப் பேராயரும் இப்படி ஒரு வாதத்தை என் முன் வைத்ததில்லை.

பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். நாங்கள் கலைந்துபோன வாரத்திலிருந்து அந்தக் கூட்டத்துப் பெண்கள் நாலைந்து பேர் வாராவாரம் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். தரையில் உட்கார்ந்து, அவருக்கு என்ன குழம்பு பிடிக்கும், எப்படி இறந்தார், இராத்திரியில் தூக்கம் வருகிறதா என்று கேட்டிருக்கிறார்கள். அம்மா அழுதபோது கூட அழுதிருக்கிறார்கள். "போய் அழறதுக்கு எனக்கு ஒரு சமாதிகூட இல்ல. அவங்க வந்தாங்க" என்றார். நாங்கள் அப்பாவின் கொள்கையைக் காப்பாற்றினோம். அம்மாவை யார் கையிலோ விட்டுவிட்டு வந்தோம்.

இந்தக் கதைக்கு மறுபாதி இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் நான் மதத்துக்கு வக்காலத்து வாங்க வந்தவள் ஆகிவிடுவேன். ஒரு வருடம் கழித்து அந்தக் கூட்டத்தை நடத்துபவர் வீட்டுக்கு வந்தார். குடும்ப ஓய்வூதியத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கையாக வர வேண்டும் என்றார். சுவரில் இருக்கும் இரண்டு படங்களையும் கழற்றினால்தான் வீட்டுக்கு ஆசீர்வாதம் என்றார். அம்மா, "அது அவரு அடிச்ச ஆணி. நான் எறக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். கூட்டத்துக்குப் போவதும் நின்றுவிட்டது. ஆனால் அந்தப் பெண்களில் இரண்டு பேர் இன்றும் சாயங்காலம் வருகிறார்கள். ஜெபம் கிடையாது. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே சீரியல் பார்க்கிறார்கள்.

அந்த இடத்தில் ஒரு திருவிளக்கு பூஜைக் குழுவோ வேறு எந்த மதத்தின் குழுவோ இருந்திருந்தாலும் கதை இப்படித்தான் நடந்திருக்கும். என் கவனம் வேறொன்றில் இருக்கிறது. வந்து உட்கார்ந்தது வேறு, படத்தைக் கழற்றச் சொன்னது வேறு. முதலாவது மனிதத் தேவை, இரண்டாவது அதிகாரம். நிறுவன மதம் இந்த இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டி வைத்திருக்கிறது. முதலாவதைக் கொடுத்து இரண்டாவதை வசூலிக்கிறது. இந்த முடிச்சை அவிழ்ப்பதுதான் நம் வேலை.

இதை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. நம் முன்னோடிகள் இருவர் இந்த முடிச்சை இரண்டு முனைகளிலிருந்து அவிழ்க்கப் பார்த்தார்கள்.

அண்ணல் அம்பேத்கரை எடுத்துக்கொள்ளுங்கள். 1936இல் லாகூர் மாநாட்டுக்காக அவர் எழுதி, பேசவே விடாமல் தடுக்கப்பட்ட 'சாதி ஒழிப்பு' உரையில், மதமே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. கட்டளைகளின் மூட்டையாக இருக்கும் மதத்தை ஒழிக்க வேண்டும், கோட்பாடுகளின் மதம் இருக்கலாம் என்றார். புரோகிதத் தொழில் பற்றி அவர் வைத்த யோசனையை இளைஞர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் பொறியாளருக்கும் தகுதி கேட்கிறோம், புரோகிதருக்கு மட்டும் பிறப்பு போதுமா என்று கேட்டார். அந்தத் தொழிலை ஒழிக்க முடியாவிட்டால் பரம்பரை உரிமையையாவது ஒழியுங்கள், அரசு தேர்வு வைத்துச் சான்று கொடுக்கட்டும், தவறு செய்தால் நடவடிக்கை எடுக்கட்டும், எத்தனை பேர் தேவை என்று சட்டம் முடிவு செய்யட்டும் என்றார்.

1935இல் இயோலாவில் 'இந்துவாகச் சாக மாட்டேன்' என்று அறிவித்தவர், 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் இலட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் ஏற்றார். இடையில் 21 ஆண்டுகள். அவசரத்தில் எடுத்த முடிவு அல்ல. சேர்ந்த மதத்தையும் அவர் கேள்வி கேட்காமல் விடவில்லை. அவர் மறைந்தபின் 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலின் முன்னுரையிலேயே, பிக்கு என்பவர் தன்னை மட்டும் முழுமையாக்கிக்கொள்ளும் மனிதரா, சமூகத் தொண்டரா என்று கேட்கிறார். தொண்டராக இல்லாவிட்டால் பௌத்தத்துக்கு எதிர்காலம் இல்லை என்பது அவர் கவலை. எனக்குப் புரிந்த மொழியில் சொன்னால், இழவு வீட்டில் உட்காராத பிக்குவால் என்ன பயன் என்று கேட்கிறார்.

தந்தை பெரியார் மறுமுனையிலிருந்து வந்தார். 1954இல் ரங்கூனில் இருவரும் சந்தித்தார்கள். பௌத்தத்துக்கு வருமாறு அம்பேத்கர் அழைத்ததையும், உள்ளே இருந்துகொண்டே இந்து மதத்தைக் கண்டிக்கும் வாய்ப்பை இழக்க விரும்பவில்லை என்று தான் சொன்னதையும் பெரியாரே பின்னாளில் பேசியிருக்கிறார். அவர் மதம் மாறவில்லை. ஆனால் மதத்தின் கையிலிருந்த ஒரு பெரிய வேலையைப் பிடுங்கி மக்கள் கையில் கொடுத்தார். அதுதான் சுயமரியாதைத் திருமணம். ஐயர் இல்லை, தீ இல்லை, புரியாத மந்திரம் இல்லை.

அது சும்மா கிடைத்துவிடவில்லை. சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 1953இல் தீர்ப்பளித்தது. அப்படித் திருமணம் செய்தவர்களின் பிள்ளைகளுடைய வாரிசுரிமையே கேள்விக்குள்ளானது. 1967இல் அண்ணா ஆட்சி இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. உறவினர், நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ போதும் என்று ஆனது. அதற்கு முன் நடந்த திருமணங்களும் செல்லுபடியாயின. இப்படிப்பட்ட திருமணத்தை ஊரறிய நடத்த வேண்டிய கட்டாயம் இல்லை என்று 2023இல் உச்சநீதிமன்றமும் சொல்லிவிட்டது. வீட்டுக்குத் தெரிந்தால் வெட்டுவார்கள் என்று பயந்து ஓடிவரும் இணையருக்கு இந்தத் தீர்ப்பு எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. 'திருமணச் சடங்கு மூடநம்பிக்கை' என்று பேசியதோடு இயக்கம் நின்றிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. மாற்றாக ஒரு மேடை, ஒரு முறை, நடத்திவைக்க ஆள், கடைசியில் ஒரு சட்டம் என்று எல்லாவற்றையும் உண்டாக்கினார்கள். ஒரு குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். புரோகிதர் இல்லாமல் நடந்த எத்தனையோ திருமணங்களில் மணமக்கள் இருவரும் ஒரே சாதி. ஐயரை வெளியே அனுப்பினோம், சாதி பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டது.

இங்கே தோழர்கள் சிலர் கேட்பீர்கள்: 'நிறுவனம்தானே பிரச்சினை? கடவுள் நம்பிக்கையைத் தனிப்பட்ட விஷயமாக விட்டுவிடலாமே?' கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சாதியை நடத்த ஒரு தலைமையகம் தேவைப்பட்டதே இல்லை. இந்து மதத்துக்கு ஒரு போப் கிடையாது, உறுப்பினர் அட்டை கிடையாது. 2019இல் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், பாதை மறுக்கப்பட்டதால் தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அந்தப் பாதையை மறிக்க எந்த மடமும் சுற்றறிக்கை அனுப்பவில்லை. நிலம் யார் கையில், வழி யார் கையில் என்பதே போதுமானதாக இருந்தது.

நிறுவனமுள்ள மதங்களுக்குள் போனாலும் சாதி கூடவே வந்தது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் வெள்ளாளரையும் நாடாரையும் தனித்தனியே உட்காரவைக்கத் தேவாலயத்துக்குள்ளேயே சுவர் இருந்தது. அது 1910இல்தான் இடிக்கப்பட்டது. கல்லறையில் இன்றும் இடிபடாத சுவர்கள் இருக்கின்றன. அரசும் தன் பங்குக்கு ஒரு சுவர் கட்டியது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. சீக்கியர்கள் 1956இலும் பௌத்தர்கள் 1990இலும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறித்தவர்களும் தலித் முஸ்லிம்களும் இன்னும் வெளியே நிற்கிறார்கள். சாதி கூடவே வரும், சலுகை மட்டும் வராது.

அதே சமயம், ஒன்றுகூடும் அமைப்பு என்பது ஏழையின் ஆயுதமும்கூட. அமெரிக்காவில் 1955இல் தொடங்கிய மான்ட்கமரி பேருந்துப் புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது. அத்தனை நாளும் கறுப்பின மக்கள் கூடிப் பேசியதும், பணம் திரட்டியதும், யார் வண்டியில் யார் போவது என்று முடிவெடுத்ததும் பெரும்பாலும் தேவாலயங்களில்தான். நாக்பூரில் மக்கள் திரண்டதும் ஓர் அமைப்பாகத்தான். ஆகவே 'நிறுவனம்' என்ற சொல்லைக் கேட்டவுடன் முகம் சுளிக்காதீர்கள். கணக்குக் கேட்க முடிகிறதா, தலைமையை மாற்ற முடிகிறதா, வேண்டாம் என்றால் வெளியே போக முடிகிறதா, பிறப்பைக் கேட்காமல் உள்ளே விடுகிறார்களா என்று பாருங்கள். இந்தக் கேள்விகளில் தோற்கிற எந்த அமைப்பும், அது கோயிலானாலும் கட்சியானாலும் நம் இயக்கமேயானாலும், நமக்கு வேண்டாம்.

சமுதாயத்துக்கு நிறுவன மதம் தேவையா? தேவையில்லை. ஆனால் அது இன்று செய்துகொண்டிருக்கும் வேலைகள் தேவை. அந்த வேலைகளைச் செய்ய ஆளில்லாமல் 'தேவையில்லை' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால், மக்கள் நம்மைக் கடந்து நடந்து போவார்கள். விநாயகர் சதுர்த்தி வந்தால் நம் காலனிப் பையன்களுக்கு ஒரு பனியனும் பத்து நாள் பொறுப்பும் கொடுக்க யாரோ வருகிறார்கள். நாம் அவனுக்கு என்ன பொறுப்புக் கொடுத்தோம்? அவன் கலவரத்தில் சிக்கியபின் கண்டன அறிக்கை கொடுத்தோம்.

அதனால் ஒரு சின்ன வேலையை உங்கள் முன் வைக்கிறேன். நம் தோழர் வீடு என்றில்லை, உங்கள் தெருவில் எந்த வீட்டில் சாவு நடந்தாலும் போங்கள். முதல் நாள் கூட்டத்தில் ஒருவராக நின்றுவிட்டு வராதீர்கள். பதினாறாம் நாள் கழித்து, எல்லோரும் கலைந்தபின் போங்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், குடும்ப ஓய்வூதியம் என்று அலைய வேண்டியதில் கூட அலையுங்கள். மூன்றாம் மாதம் மறுபடி போங்கள். படத்திறப்பு நடத்தினால் முதலில் அந்த வீட்டுப் பெண்ணைப் பேச விடுங்கள். அவர் சாமி கும்பிட்டால் கும்பிடட்டும். நீங்கள் போனது அவரைத் திருத்த அல்ல.

எங்கள் ஊரில் ஆறு பேர் இரண்டு வருடமாக இதைச் செய்கிறோம். நோட்டுப் புத்தகத்தில் தேதி எழுதி வைத்துக்கொண்டு முறை போட்டுப் போகிறோம். பெரிய புரட்சி ஒன்றும் நடந்துவிடவில்லை. ஒரு மாற்றத்தை மட்டும் சொல்கிறேன். போன மாதம் காலனிக்கு வெளியே, ஊர்த் தெருவில் ஒரு வீட்டில் இழவு. எங்கள் குழுவில் இருக்கும் பையன் அந்த வீட்டு மருமகளோடு படித்தவன். போகலாமா என்று தயங்கினோம். அந்தத் தெருவில் எங்களை உட்காரச் சொன்னதில்லை. போனோம். திண்ணையில் இருந்த பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெண் உள்ளேயிருந்து பாய் கொண்டுவந்து போட்டாள். கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தோம். மூன்றாம் மாதம் மறுபடி போக வேண்டும். அப்போதும் பாய் வருமா என்று தெரியாது. போகத்தான் போகிறோம்.

அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள் தோழர்களே.