ஒரே நோய், இரு வேறு முடிவுகள்

(பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்கள் வெளியே சொல்லக் கூச்சப்படும் ஒரு நோயைப் பற்றி இன்று நாம் பேசவிருக்கிறோம். சிறுநீர்ப்பைக்குக் கீழே அமைந்துள்ள புராஸ்டேட் என்னும் சிறிய சுரப்பியில் தோன்றும் புற்றுநோயே அது.

அமெரிக்காவில் ஆண்களில் 8 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்நோய் கண்டறியப்படுகிறது. கறுப்பின ஆண்களிலோ 6 பேரில் ஒருவருக்கு. இந்நோயால் இறப்போரின் விகிதமும் வெள்ளையரைவிட அவர்களிடையே ஏறத்தாழ 2 மடங்காக உள்ளது. இதற்குக் காரணம் வம்சாவளியா, வாழ்க்கைச் சூழலா?

முதலில் உடலைப் பார்ப்போம். எட்டாவது குரோமோசோமின் ஒரு பகுதி இந்நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகிறது என்பது 2006-ல் தெரியவந்தது. அப்பகுதியிலுள்ள மரபணு மாற்றங்களுள் பல, ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் அதிகமாகக் காணப்படுகின்றன. 2008-ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தார், 33 கறுப்பினத்தவரின் கட்டிகளையும் 36 வெள்ளையரின் கட்டிகளையும் ஒப்பிட்டனர். பெரிய வேறுபாடு நோய் எதிர்ப்பு ஆற்றல் தொடர்பான மரபணுக்களில் இருந்தது. வைரஸ் தாக்கும்போது உடல் சுரக்கும் இன்டர்ஃபெரானின் தடயம், கறுப்பினத்தவரின் கட்டிகளில் மிகுந்திருந்தது. உடலைக் காக்க எழும் எதிர்ப்பு, ஓயாமல் நீடித்தால் அழற்சியாகி உடலுக்கே ஊறு செய்யும் என்பதை நாம் அறிவோம்.

ஆயினும், அதே எதிர்ப்பு ஆற்றல் துணையாகவும் நிற்கக்கூடும். நோயாளியின் சொந்த எதிர்ப்பு அணுக்களை எடுத்து, புற்றை இனங்காணப் பழக்கி, மீண்டும் உடலில் செலுத்தும் சிப்யூலூசெல்-டி என்ற சிகிச்சைக்கு 2010-ல் அங்கே அனுமதி கிடைத்தது. அதைப் பெற்றவர்களைப் பற்றி 2020-ல் வெளியான ஆய்வில், நோயளவு ஒத்திருந்தவர்களை ஒப்பிட்டபோது, கறுப்பினத்தவரின் இடைநிலை ஆயுள் 35.3 மாதங்களாகவும் வெள்ளையருடையது 25.8 மாதங்களாகவும் இருந்தது. ஆகவே வம்சாவளி என்பது சாபமன்று; மருத்துவர் அறிந்திருக்க வேண்டிய ஒரு செய்தி.

இனி வாழ்க்கைச் சூழலுக்கு வருவோம். முன்னாள் படைவீரர்களுக்கான அமெரிக்க அரசு மருத்துவமனைகளில் அனைவருக்கும் ஒரே வாசல்தான். அங்குச் சிகிச்சை பெற்ற சுமார் 60,000 பேரை ஆராய்ந்த முடிவு 2020-ல் வெளியானது. 10 ஆண்டுகளில் இந்நோயால் இறந்தோர் கறுப்பினத்தவரில் 4.4 சதவீதம், வெள்ளையரில் 5.1 சதவீதம். இரு மடங்கு என்ற இடைவெளி அங்கே காணப்படவில்லை! வாசல் ஒன்றாக இருக்கும்போது முடிவும் ஏறத்தாழ ஒன்றாகிறது என்பது சிந்திக்கத்தக்கது.

வாசல் திறந்திருந்தாலும் நம்பிக்கை வேண்டுமே! அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் கண்ட 399 கறுப்பின ஆண்களுக்கு, பென்சிலின் கிடைக்கத் தொடங்கிய பின்னரும் அதைக் கொடுக்காமல் அரசு மருத்துவர்கள் வேடிக்கை பார்த்தனர். அந்தக் காயத்தின் வடு இன்னும் ஆறவில்லை.

கூச்சமும் ஒரு தடையே. அமெரிக்காவின் முதல் கறுப்பினப் பாதுகாப்பு அமைச்சரான லாயிட் ஆஸ்டின், 2023 டிசம்பரில் இந்நோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டதை ஜனாதிபதியிடம்கூடச் சொல்லவில்லை. 2024 பிப்ரவரியில் அதற்காக மன்னிப்புக் கோரினார். அவ்வளவு பெரிய பொறுப்பிலிருந்தவருக்கே நா எழவில்லை எனில், மற்றவர் நிலை என்ன?

சகோதரர்களே! இந்நோய் தொடக்கத்தில் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. தந்தைக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்திருப்பின் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது. பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனையில் அளவு கூடுவதெல்லாம் புற்றுநோயன்று. வயதினால் சுரப்பி வீங்கினாலும் கூடும். மெதுவாக வளரும் கட்டிகளுக்கு உடனடிச் சிகிச்சை தேவைப்படாமலும் போகலாம். எனவே அஞ்சவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். ஐம்பதைத் தொட்டவர்கள், குடும்பத்தில் இந்நோய் இருந்தால் அதற்கு முன்னரே, மருத்துவரிடம் கலந்து பேசி முடிவெடுங்கள்.

தந்தைக்கு வந்த நோயை மகன் அறியாதிருப்பதே நம் வீடுகளில் நாம் நீக்க வேண்டிய முதல் குறை. இன்றிரவே அந்தப் பேச்சைத் தொடங்குவோமாக!