கடல் பெற்ற முதல் ஆசி



திருவிவிலியத்தில் கடவுள் முதன்முதலில் ஆசி வழங்கியது மனிதருக்கு அல்ல. தொடக்கநூல் முதல் அதிகாரத்தில், ஐந்தாம் நாளில், கடல்வாழ் உயிர்களும் பறவைகளுமே பெருகும்படி முதல் ஆசியைப் பெற்றன.

தேவகோட்டைக்குக் கடல் தூரம் என்று நினைக்கிறோம். ஆனால் நம் சிவகங்கை மறைமாவட்டத்தில் இராமநாதபுரம் கடற்கரையும் அடங்கும். அங்கிருந்து தூத்துக்குடி வரை, மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் உள்ளன. பாறை என்கிறோம்; அவை உயிர்கள். மீன்குஞ்சுகளுக்குத் தொட்டில்.

சுண்ணாம்புக்காக அவற்றைப் பல்லாண்டுகள் வெட்டினோம். 21 தீவுகளில் இரண்டு மூழ்கிவிட்டன. 2001-இல் சட்டம் பவளங்களுக்குப் புலிக்கு நிகரான பாதுகாப்பைத் தந்தது. ஆனால் கடல் சூடேறுவதைச் சட்டம் தடுக்கவில்லை. 2010-இலும் 2016-இலும் பவளங்கள் வெளுத்து, பல மடிந்தன.

தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல் பவளக் கிளைகளைக் கடலடியில் நட்டு வளர்க்கிறார்கள். நல்ல பணி. ஆனால் முருங்கைக் கொம்பை ஒடித்து நட்டால் தாய்மரமே மறுபடி வளர்வதுபோல, ஒரே பவளத்தின் கிளைகள் நூறு நட்டாலும் மரபணு ஒன்றே. தாயைக் கொல்லும் நோயோ வெப்பமோ நூறையும் கொல்லும். மரபணு வேறுபட்டிருந்தால்தான் சிலவாவது தாங்கும்.

அந்த வேறுபாடு எப்படி வருகிறது? பல பவளங்கள் ஆண்டில் சில இரவுகளில் மட்டும் முட்டைகளையும் விந்தணுக்களையும் நீரில் விடுகின்றன. ஒன்றின் முட்டை மற்றொன்றின் விந்தணுவைச் சேர வேண்டும. இனம் அரிதாகி, இங்கொன்றும் அங்கொன்றுமாக நின்றால் அவை சேர்வதே இல்லை. உயிரோடு இருக்கும், பெருகாது. அமெரிக்காவின் புளோரிடாவில் 2023-இன் கடும் வெப்பம் இரண்டு பவள இனங்களை இந்நிலைக்குத் தள்ளியது.

கடைசி உயிர் சாகுமுன்பே, பெருகும் ஆசியை நாம் பறித்துவிடுகிறோம்.

திருடியவர் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஒப்புரவு அருட்சாதனத்தில் சொல்கிறோம். வெட்டிய பவளத்தை மீண்டும் நடலாம். அழிந்த மரபணுவை எவரால் திருப்பித் தர இயலும்? எனவே எஞ்சியிருப்பதைக் காப்பதே நம் பரிகாரம். நாம் வீணாக்கும் மின்சாரத்துக்காக எரியும் நிலக்கரியின் புகையும் கடலைச் சூடாக்குகிறது. இந்த வாரம் வீட்டில் ஒரு வீண்செலவையாவது நிறுத்துவோம். கடலை நம்பி வாழும் நம் கரையோரப் பங்கு மக்களுக்காகச் செபிப்போம்.

முதல் ஆசியைத் தந்த இறைவன் அதைக் காக்கும் மனத்தையும் நமக்குத் தருவாராக. ஆமென்.