கொல்லைப்புறக் கார் ஷெட்டும் ஒரு பொதுச்சுவரும்

"உங்க ஷெட் கூரை என்ன ஆச்சு?"ன்னு சிலர் கேட்டிருந்தீங்க. இன்னிக்கு அதைச் சொல்றேன்.

எங்க வீடு ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதியில். அந்தப் பக்க வீடுகளைப் பார்த்தவங்களுக்குத் தெரியும்: அகலம் குறைவு, நீளம் அதிகம், ரெண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர். கொல்லையில் தாத்தா காலத்து மாட்டுத் தொழுவம். மாடு போச்சு, கார் வந்தது. 16 அடிக்கு 10 அடி. மேலே மட்டமான தளம். அம்மா வடாம் காயப்போடற இடம்.

தளம் கட்டைக்குத்து ஒட்டு. மெட்ராஸ் டெரஸ்னு சொல்றாங்களே, அதுதான். தேக்குச் சரங்களை வரிசையாப் போட்டு, மேலே மெல்லிய செங்கல்லை மூலைவாட்டா, குத்துக்கல்லா நிறுத்திச் சுண்ணாம்பில் ஒட்டுவாங்க. அதுக்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணியைத் தெளிச்சுத் தெளிச்சு, நாள்கணக்கா மரக்கட்டையால் அடிச்சு இறுக்குவாங்க. கடைசியா தட்டோடு.

இது ஈரத்தை வாங்கும், வெயில் வந்தா விட்டுடும். அதைக் கெடுத்தது நான்தான். சில வருஷம் முன்னாடி லேசா ஒழுகினதும், ஒருத்தர் சொன்னாரேன்னு ரெண்டு அங்குலத்துக்கு சிமெண்ட் போட்டேன். திருச்சி வெயிலில் அது வெடிச்சது. வெடிப்பு வழியா தண்ணி உள்ளே போச்சு. மேலே மூடி போட்ட மாதிரி இருந்ததால வெளியே வர முடியலை. ஈரம் எங்கே போகும்? சரங்களோட முனைக்கு. சுவருக்குள்ளே புதைஞ்சிருக்கிற அந்த ஒரு சாண் கட்டை காத்து படாம ஊறிக்கிட்டே இருந்திருக்கு.

ஒரு ஐப்பசி ராத்திரி, ரெண்டு செங்கல் கார் பானெட் மேல விழுந்தது. அம்மா அங்கேயிருந்து துடைப்பத்தை எடுத்துக்கிட்டு வந்து பத்து நிமிஷம் கூட ஆகலை. மேஸ்திரி காலையில் வந்து சுவர் ஓரமா ஸ்க்ரூடிரைவரால் குத்தினார். கைப்பிடி வரைக்கும் இறங்கிடுச்சு. நடுவில் குத்தினா அதே கட்டை இரும்பு! "சார், நடுவைப் பார்த்து ஏமாந்துட்டீங்க"ன்னார்.

தகரம் போட்டா சீக்கிரம் முடியும். ஆனா அம்மா வடாமுக்கு எங்கே போவாங்க? கான்கிரீட்னு முடிவு பண்ணோம். எடை கூடுமேன்னு பயந்து கணக்குப் போட்டேன். அஞ்சு அங்குலத் தளம் ஏறக்குறைய நாலே முக்கால் டன். பழைய தளம், என் சிமெண்டோட சேர்த்து, அஞ்சு டன்னுக்கு மேல! எடை பிரச்சினையே இல்லை. பொதுச்சுவர்தான் பிரச்சினை.

பக்கத்து வீட்டு மாமாவோட தளத்துச் சரமும் அதே சுவரில்தான், எங்க சரத்துக்கு முதுகு காட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கு. நாங்க தளத்துக்காகச் சுவரைக் காடி வெட்டினா அவர் பக்கம் ஆடும். முதல்ல அவர் ஒத்துக்கலை. "இந்தச் சுவரில் உளி படக் கூடாதுப்பா"ன்னார். நியாயம்தானே? அதனால எங்க பக்கமே நாலு தூண் எழுப்பி, உத்திரம் போட்டு, அதுமேல தளம். பழைய ஓட்டைகளைச் சுண்ணாம்புக் கலவையும் செங்கல்லும் வெச்சு அடைச்சோம். தூணால கார் கதவை முழுசாத் திறக்க முடியாது, சரி, போகட்டும்.

இடிக்கிறப்போ சரங்களுக்கு முட்டுக் கொடுத்துட்டுத்தான் ஆரம்பிச்சோம். இடிச்ச குப்பையைத் தளத்து மேலேயே குவிக்காம கூடை கூடையா இறக்கினோம். இதில் அவசரப்படாதீங்க, கீழே ஆள் இருப்பாங்க.

தளத்துக்கும் பொதுச்சுவருக்கும் நடுவில் ஒரு அங்குலம் விட்டிருக்கோம். ஒழுகினா அங்கேதான் ஒழுகும். அதை ரப்பர் மாதிரி இளகுற பூச்சால அடைச்சு, மேலே தகட்டை மடிச்சு மூடினோம். தளத்து மேலே மறுபடியும் சுண்ணாம்பு ஜல்லி, தட்டோடு. அஞ்சடிக்கு ஒரு அங்குலம் வாட்டம், கொல்லைச் சந்துப் பக்கம் தூம்பு.

வாட்டம்னதும் ஞாபகம் வருது. ரங்கநாதர் கோயிலுக்கு 2017-ல் யுனெஸ்கோவோட ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைச்சதே, அங்கே பழைய மழைநீர் வடிகாலை மீட்டதையும் பாராட்டியிருந்தாங்க. அவ்வளவு பெரிய கோயிலுக்கும் கவலை, தண்ணி எந்தப் பக்கம் போகுதுங்கிறதுதான்.

ஷெட்டுக்குள்ளே முன்னைவிட சூடு அதிகம், ஒத்துக்கறேன். பழைய தேக்கில் நல்ல பகுதியை அறுத்து அம்மாவுக்கு ஒரு பெஞ்சு பண்ணோம். இந்த ஐப்பசியில் பொதுச்சுவர் மூலையில் உள்ளங்கை அளவு ஈரம் தெரிஞ்சது. சுத்தி பென்சிலால் கோடு போட்டு வெச்சிருக்கேன். இதுவரைக்கும் கோட்டைத் தாண்டலை. மாமாவும் தினம் வந்து பார்த்துட்டுப் போறார்.